காட்டுக்குள் இருக்கும் ஊருக்கு வரும் மூன்று காகிதங்கள்

புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் ஒரு பழங்குடி ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். முப்பது நாற்பது வீடுகள், சாமி கல், இடுகாடு, மழைக்காலத்தில் அறுந்துபோகும் ஒரு மண்பாதை. இந்த ஊருக்கு இன்று மூன்று காகிதங்கள் வரலாம். முதல் காகிதம், ஊரைக் காலி செய்தால் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் என்கிறது. இரண்டாவது, காட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு குழு அமைப்போம், தலைவர் உங்கள் ஆள், செயலாளர் எங்கள் வனவர் என்கிறது. மூன்றாவது தானாக வராது. ஊர்தான் கேட்டு வாங்கி நிரப்ப வேண்டும். வன உரிமைச் சட்டத்தின் படிவம் ‘சி’ அது. இந்தக் காடு எங்கள் கிராம சபையின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று உரிமை கோரும் படிவம்.

இது ஏட்டளவுப் பேச்சு இல்லை. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் மாநிலங்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. புலிகள் காப்பகங்களின் உள்வட்டத்தில் இன்னும் 591 கிராமங்களும் 64,801 குடும்பங்களும் இருக்கின்றன, இடமாற்றத்தை முன்னுரிமையோடு செய்யுங்கள் என்றது அந்தக் கடிதம். தமிழ்நாட்டில் ஐந்து புலிகள் காப்பகங்கள் உண்டு. ஐந்திலும் ஆட்கள் வாழ்கிறார்கள். முதுமலையில் காட்டுநாயக்கர், பணியர், இருளர், குறும்பர். ஆனைமலையில் காடர், மலசர், மலைமலசர், முதுவர், எரவாளர், புலையர். சத்தியமங்கலத்தில் சோளகர், ஊராளிகள். களக்காடு முண்டந்துறையில் காணிக்காரர். மேகமலைப் பக்கம் பளியர். கையெழுத்துக் கேட்டு யாராவது இந்த ஊர்களில் ஏதாவது ஒன்றின் வாசலுக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது நான் கேட்பது இவ்வளவுதான். காட்டைப் பற்றிய முடிவை யார் எடுப்பார்? கைக்கு வருவது எத்தனை நாள் நிற்கும்? காடு நன்றாக இருக்குமா? எடுத்த முடிவு தவறு என்று தெரிந்தால் திரும்பி வர வழி உண்டா? கடைசிக் கேள்வியை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய கேள்வி.

முதல் காகிதம்: பணம் வாங்கி வெளியேறுவது

இடமாற்றம் என்ற சொல்லைக் கேட்டதும் கோபப்படுகிறவர்கள் நம்மில் நிறைய. ஆனால் காட்டுக்குள் வாழ்கிற ஒரு தாயிடம் பேசிப் பாருங்கள். பிரசவ வலி வந்தால் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு போக வேண்டிய ஊர், ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளி இல்லாத ஊர், இரவில் யானை வாழைக்குள் நிற்கும் ஊர். அங்கிருந்து கிளம்ப நினைப்பவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. கர்நாடகத்தின் பத்ரா காப்பகத்திலிருந்து 2000களின் தொடக்கத்தில் நானூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியே வந்தன. அந்த இடமாற்றம் ஓரளவு நன்றாகவே நடந்தது என்று அதை ஆராய்ந்தவர்களும் சொல்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் விவசாயிகள். விவசாய நிலமும் அவர்களுக்குக் கிடைத்தது. செய்த தொழிலையே வேறிடத்தில் தொடர முடிந்தது.

தேன் எடுக்கிறவருக்கும் கிழங்கு தோண்டுகிறவருக்கும் அப்படித் தொடர வழி கிடையாது. அவருடைய தொழில் காட்டோடுதான் இருக்கிறது. கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டிலிருந்து வெளியேறிய ஜேனு குருபர் குடும்பங்களில் பலர் குடகுக் காப்பித் தோட்டங்களில் கூலிக்குப் போகிறார்கள். ‘ஜேனு’ என்றால் கன்னடத்தில் தேன். பெயரிலேயே தேன் இருக்கும் மக்கள் அவர்கள்.

பணக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். 2008இல் குடும்பத்துக்கு 10 லட்சமாக இருந்த தொகை 2021இல் 15 லட்சமாக உயர்ந்தது. மொத்தத்தையும் பணமாக வாங்கிக்கொள்வது ஒரு வழி. நிலம், வீடு, வசதிகள் என்று வனத்துறை மூலம் பெறுவது இன்னொரு வழி. 15 லட்சத்தை அப்படியே வங்கியில் போட்டு 7 சதவீத வட்டி கிடைப்பதாக வைத்தால் மாதம் 8,750 ரூபாய். காட்டில் விலையில்லாமல் கிடைத்த விறகு, கீரை, கிழங்கு, தேன், தண்ணீர், வீடு கட்ட மூங்கில் எல்லாவற்றுக்கும் வெளியே காசு கொடுக்க வேண்டும். அதையும் சேர்த்துப் பார்த்தால் இந்தத் தொகை எவ்வளவு சின்னது என்று புரியும். அதுவும் யாரும் முதலைத் தொடாமல் இருந்தால்தான். மொத்தமாகப் பணம் வந்த ஊரைத் தேடித் தரகரும் நிலம் விற்கிறவரும் வண்டி விற்கும் ஏஜென்டும் வருவார்கள். அதைக் கண்ணால் பார்க்காத மலையடிவாரக்காரர் குறைவு.

இடம் மாறுவதற்கே பழங்குடிகள் எதிரி என்று நினைத்துக்கொள்ளவும் வேண்டாம். ஆனைமலைக் காப்பகத்தில் கல்லார் என்ற காடர் குடியிருப்பு 2019 மழையில் மண்சரிவால் வாழ முடியாததானது. அவர்களே வேறிடம் கேட்டார்கள். அவர்கள் கேட்டது தெப்பக்குளமேடு, அதே காட்டுக்குள், பாதுகாப்பான மேட்டுநிலம். கிடைத்தது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் தங்க இடம். விடாமல் போராடி 2021இல் வன உரிமைச் சட்டத்தின்படி தெப்பக்குளமேட்டுக்குப் பட்டா வாங்கினார்கள். எங்கே போவது என்று அந்த ஊரே முடிவெடுத்தது. முதல் காகிதத்தில் அந்த முடிவுக்கான இடம்தான் காலியாக இருக்கிறது.

என் கடைசிக் கேள்விக்கு இந்தக் காகிதத்தின் பதில்: இல்லை, திரும்ப முடியாது. கையெழுத்துப் போட்டு வெளியே வந்தபின் அந்த ஊர் காப்பக வரைபடத்தில் இருக்காது.

இரண்டாவது காகிதம்: வனத்துறையோடு குழு

குமுளி வழியாகத் தேக்கடி போனவர்கள், காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போகும் வழிகாட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் சிலர் ஒரு காலத்தில் அதே காட்டில் வயணா மரப்பட்டை, அதாவது காட்டு லவங்கப் பட்டை, திருட்டுத்தனமாக உரித்தவர்கள். 1990களின் இறுதியில் பெரியாறு வனத்துறை அவர்களோடு உட்கார்ந்து பேசியது. காட்டின் கள்ளப் பாதைகள் எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும், அதே பாதைகளில் காவலுக்குப் போங்கள், சுற்றுலா வருமானம் உங்களுக்கு என்று ஓர் ஒப்பந்தம். 23 பேரோடு தொடங்கிய அந்தக் குழு இன்று உலகம் முழுக்கப் பாடமாகச் சொல்லப்படுகிறது. மன்னான், பளியர் ஊர்களிலும் குழுக்கள் வந்தன. வசந்தசேனா என்ற பெண்கள் குழு கூலி இல்லாமல் காட்டுக் காவலுக்குப் போகிறது. 2004இல் பெரியாறு அறக்கட்டளை உருவானது. நுழைவுக் கட்டணத்தோடு வசூலாகும் கூடுதல் தொகை அந்த அறக்கட்டளை வழியாகக் குழுக்களுக்குத் திரும்பி வருகிறது. வெளிநாட்டுப் பணம் நின்ற பிறகும் குழுக்கள் நின்றுபோகாததற்கு இந்த ஏற்பாடுதான் காரணம் என்று நினைக்கிறேன். இப்படிக் குழு அமைத்த பல இடங்களில் திட்டப் பணம் தீர்ந்த அன்றே குழுவும் தீர்ந்துவிட்டது.

பெரியாறுக்கு வந்த பணம் உலக வங்கி ஆதரவோடு 1996 முதல் 2004 வரை நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின் பணம். இந்தியாவில் ஏழு காடுகளுக்கு அது வந்தது. அந்த ஏழில் நாகரஹொளேயும் ஒன்று. அங்கே கதை தலைகீழானது. பூங்காவுக்குள் ஓட்டல் நடத்த ஒரு நிறுவனத்துக்கு இடம் குத்தகைக்குப் போனது. எங்களை வெளியே போ என்கிறீர்கள், ஓட்டலை உள்ளே விடுகிறீர்களே என்று ஆதிவாசிகள் எழுந்தார்கள். 1997இல் உயர் நீதிமன்றம் ஓட்டலைத் தடுத்தது. திட்டம் எங்களைக் கேட்டுப் போடப்படவில்லை என்று 1998இல் உலக வங்கியின் ஆய்வுக் குழுவிடமே புகாரும் போனது.

ஒரே திட்டத்துக்கு இரண்டு முகம் ஏன் வந்தது? பெரியாறில் அந்த நேரத்தில் இருந்த அதிகாரிகள் மக்களோடு உட்கார்ந்தார்கள். அதிகாரி நல்லவராக அமைந்தால் குழு நன்றாக நடக்கும். அவர் மாற்றலாகிப் போனால்? குழுவின் வங்கிக் கணக்கில் செயலாளரான வனவரும் கையெழுத்துப் போட வேண்டும். காவல் வேலை தினக்கூலி. குழுவைக் கலைத்தால் கேள்வி கேட்கச் சட்டத்தில் இடமில்லை. பெரியாறில் நடந்ததை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் ஒரு நல்ல ரேஞ்சரை நம்பி ஓர் ஊர் தன் பேரப்பிள்ளைகளின் வாழ்வை வைக்க முடியாது.

நம் பக்கமும் இதற்கு உதாரணம் உண்டு. முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் வேட்டைத் தடுப்புக் காவலர்களாக இருப்பவர்களில் கணிசமானோர் பழங்குடி இளைஞர்கள். தடம் பார்த்துப் புலியின் போக்கைச் சொல்வது அவர்கள். 2021இல் மசினகுடிப் பக்கம் டி23 என்ற புலியைச் சுடாமல் உயிரோடு பிடிக்க மூன்று வாரம் அலைந்தபோது, அடர்ந்த புதருக்குள் முன்னால் போனவர்களும் அவர்கள்தான். அத்தனை அறிவுக்கும் அவர்கள் வாங்குவது தற்காலிகப் பணியாளர் சம்பளம். காட்டின் மேலாண்மைத் திட்டம் எழுதும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி கிடையாது. உழைப்பு அவர்களுடையது, முடிவு வேறொருவருடையது. இரண்டாவது காகிதத்தின் பலவீனம் மொத்தமும் அதற்குள் அடங்கிவிடும்.

மூன்றாவது காகிதம்: கிராம சபையின் காடு

சத்தியமங்கலம் காட்டிலிருந்து வடக்கே நடந்தால் பிலிகிரிரங்கன் மலை வரும். காடு ஒன்றுதான், நடுவில் மாநில எல்லை ஓடுகிறது. இரண்டு பக்கமும் வாழ்வது சோளகர். 1974இல் அந்த மலை சரணாலயம் ஆனது. மலைமேல் எரித்துப் பயிரிடுவதும் வேட்டையும் நின்றன, ஊர்கள் ஓரமாகக் குடியமர்த்தப்பட்டன. அப்புறம் 2002இல் வனவிலங்குச் சட்டம் திருத்தப்பட்டு, சரணாலயத்திலிருந்து நெல்லிக்காய், தேன், கல்பாசி எடுத்து விற்பதும் நிறுத்தப்பட்டது. வருமானத்தில் பெரும்பகுதி ஒரே உத்தரவில் போயிற்று. 2011 ஜனவரியில் அது புலிகள் காப்பகமும் ஆனது. அதே ஆண்டு அக்டோபரில் 25 சோளகர் கிராம சபைகள் சமூக வன உரிமைப் பத்திரம் வாங்கின. இந்தியாவில் ஒரு புலிகள் காப்பகத்துக்குள் அப்படி உரிமை ஏற்கப்பட்டது அதுவே முதல் முறை.

அந்த மலையில் உன்னிச்செடி என்ற அயல்நாட்டுக் களை பரவிய கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். காடு நன்றாக இருக்குமா என்ற கேள்விக்குப் பதில் அதற்குள் இருக்கிறது. சோளகர் ஒவ்வொரு ஆண்டும் கோடையின் தொடக்கத்திலேயே சருகுக்குத் தீ வைப்பது வழக்கம். ‘தரகு பெங்கி’ என்று அதற்குப் பெயர், சருகுத் தீ. ஈரம் முழுதாகக் காயாத நேரத்தில் வைக்கும் தீ என்பதால் கணுக்கால் உயரத்தில் ஓடி அணைந்துவிடும், பெரிய மரத்தைத் தொடாது. தீ முழுக்கத் தடை செய்யப்பட்டதும் சருகும் புல்லும் குவிந்தன. அவ்வப்போது பிடித்த தீ மரத்தையே தின்னும் பெருந்தீயாக இருந்தது. அந்தக் காலத்தில் உன்னிச்செடி மலை முழுக்கப் பரவியது. நெல்லி மரங்களில் ஏறும் புல்லுருவியும் பெருகியது. அந்தச் சிறு தீதான் முன்பு இவற்றை அடக்கி வைத்திருந்தது என்கிறார்கள் சோளகப் பெரியவர்கள். ஆராய்ச்சியாளர்கள் அவர்களோடு பல ஆண்டு நடந்து அளந்து, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்திருக்கிறார்கள். இன்று வனத்துறை உன்னிச்செடி அகற்றப் பெருந்தொகை செலவழிக்கிறது. மக்களைக் காட்டிலிருந்து விலக்கியதற்கு நாம் கட்டிக்கொண்டிருக்கும் பில் அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

வன உரிமைச் சட்டத்தை வீட்டுமனைக்கும் விவசாய நிலத்துக்கும் பட்டா தரும் சட்டம் என்று மட்டும் நினைப்பவர்கள் அதிகம். தனிப்பட்டாவுக்கு நான்கு ஹெக்டேர் உச்சவரம்பு. அது சட்டத்தின் சிறிய பாதி. பெரிய பாதி, ஊர் வழிவழியாகப் பயன்படுத்தி வரும் காடு முழுவதையும் பாதுகாக்கவும், மீட்கவும், நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உள்ள உரிமை. அதன் ஐந்தாவது பிரிவு, காட்டையும் காட்டுயிரையும் நீர்நிலையையும் கெடுக்கும் எந்தச் செயலையும் தடுக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குத் தருகிறது. வேட்டையாடும் உரிமையை அந்தச் சட்டம் தரவில்லை. புலியை அடிக்க லைசென்ஸ் கொடுத்துவிட்டார்கள் என்று இன்றும் சிலர் பேசுகிறார்கள். சட்டத்தைப் படிக்காமல் பேசுவது அது.

ஆனைமலைக்கு அப்பால், கேரளத்தின் வாழச்சால் காட்டில் ஒன்பது காடர் ஊர்கள் 2014இல் இந்த உரிமையைப் பெற்றன. ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர் காடு. அதிரப்பள்ளி நீர்மின் திட்டம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அந்த ஊர்களின் சம்மதம் சட்டக் கேள்வியாக வந்து நிற்கிறது. உரிமை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அந்தக் காடர் இளைஞர்கள் இருவாச்சிப் பறவைகளின் கூடுகளைக் கணக்கெடுத்துக் காத்து வந்தார்கள். மரப்பொந்தில் குஞ்சு எங்கே இருக்கும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? முன்பு அதை எடுத்தவர்கள் அவர்கள். முதலில் கூலிக் காவல், பிறகு உரிமை. பழைய குழு வேலையை உரிமை விழுங்கிவிடவில்லை. கூலி வாங்கிக் காத்த காட்டை இப்போது தங்கள் பொறுப்பாகவும் காக்கிறார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பிலிகிரிரங்கன் மலையில் பத்திரம் வந்த பிறகும் பணமும் ஆளும் வண்டியும் வனத்துறையிடமே இருக்கின்றன. சருகுத் தீயை மீண்டும் வைக்கக் கிராம சபை தானாக முடிவெடுத்துவிட முடிவதில்லை. பத்திரம் வந்த கையோடு சம்பளம் வருவதில்லை. கிராம சபை கூடாத ஊரில் இந்த உரிமை பீரோவுக்குள் கிடக்கும். ஊருக்குள்ளும் எல்லோரும் சமம் இல்லை. பெண்கள் பின்னால் உட்கார்ந்து கேட்பதோடு நின்றால், எந்தக் காட்டுப் பொருளை எப்போது எடுப்பது என்ற முடிவு நான்கு ஆண்கள் கையில் போய்விடும். கூட்டத்துக்கு வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும் என்று விதி சொல்வது அதனால்தான்.

தமிழ்நாட்டுக்கு இன்னொரு தனிக் காரணமும் இருக்கிறது. பழங்குடிப் பகுதிகளுக்குத் தனிப் பாதுகாப்பு தரும் அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் நம் மாநிலத்தின் எந்தப் பகுதியும் அறிவிக்கப்படவில்லை. ஜார்கண்ட், ஒடிசா பழங்குடிகளுக்கு, அந்த அட்டவணைப் பகுதிகளின் கிராம சபைக்கு அதிகாரம் தரும் பெசா சட்டம் என்ற கேடயம் உண்டு. அது நம் மலைகளுக்குக் கிடையாது. கையில் இருப்பது வன உரிமைச் சட்டம் ஒன்றுதான். அதிலும் 2008இல் வந்த நீதிமன்ற உத்தரவால் இங்கே பட்டா வழங்குவது 2016 வரை முடங்கிக் கிடந்தது. மற்ற மாநிலங்கள் எட்டு ஆண்டு முன்னால் போய்விட்டன.

அந்த எட்டு ஆண்டின் விலையை ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் பார்க்கலாம். செந்நிறத்தில் வெள்ளைத் திட்டுகளோடு இருக்கும் பர்கூர் மாடுகளைக் காட்டுக்குள் பட்டி போட்டு மேய்ப்பது அங்கே தலைமுறை வழக்கம். மேய்ச்சல் உரிமையும் வன உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பிறகு அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருக்கியது. அடுத்து, அந்த மலை சேர்ந்த காட்டுப்பகுதி தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மேய்ச்சல் உரிமையை முன்பே எழுத்தில் வாங்கி வைத்திருந்தால் மாட்டுக்காரர் நீதிமன்றத்தில் ஒரு பத்திரத்தைக் காட்டிப் பேசியிருக்கலாம். வாங்காததால் வழக்கத்தை மட்டும் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

நம்மிடம் இல்லாத நான்காவது காகிதம்

வெளிநாட்டில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் உலுரு பாறை 1985 அக்டோபர் 26 அன்று அனங்கு மக்களுக்குச் சொந்தமாகத் திருப்பித் தரப்பட்டது. அன்றே அவர்கள் அதைத் தேசியப் பூங்காவுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். அந்த நிபந்தனையோடுதான் நிலமே திரும்பியது. முழு விடுதலை என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் பூங்கா வாரியத்தின் 12 பேரில் 8 பேர் அனங்கு. நுழைவுக் கட்டணத்தில் கால் பங்கு அவர்களுக்கு. பாறை மேல் ஏறாதீர்கள், அது எங்களுக்குப் புனிதம் என்று அவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2017இல் வாரியம் முடிவெடுத்தது. 2019 அக்டோபர் 26 முதல் ஏறுவது நின்றது. வேண்டுகோளாக இருந்தது சட்டமாக மாற 34 ஆண்டு பிடித்தது என்றாலும், மாற்றியது அவர்கள் உட்கார்ந்த மேசைதான். ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் வறண்ட பருவத்தின் தொடக்கத்தில் சிறு தீ வைத்துப் பெருந்தீயைத் தடுக்கும் பழங்குடி முறை இன்று அரசு ஆதரவோடு நடக்கிறது என்பதைச் சோளகரின் சருகுத் தீயோடு சேர்த்து யோசிக்கத் தோன்றுகிறது.

கனடாவின் மேற்குக் கரைத் தீவுகளில் வாழும் ஹைடா மக்கள் இன்னும் வித்தியாசமான ஒன்றைச் செய்தார்கள். மரம் வெட்டுவதை மறித்து 1985இல் சாலையில் உட்கார்ந்தவர்கள், 1993இல் அரசோடு க்வாய் ஹானாஸ் ஒப்பந்தம் போட்டார்கள். நிலம் யாருடையது என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகவில்லை என்பதையே ஒப்பந்தத்தில் அருகருகே இரண்டு பத்திகளில் எழுதிவிட்டு, காட்டை நடத்தும் வாரியத்தில் சம எண்ணிக்கையில் உட்கார்ந்தார்கள். சொத்துச் சண்டை தீரும்வரை காத்திருந்தால் தீவில் மரம் மிஞ்சியிருக்காது.

இந்த நான்காவது காகிதம் இங்கே அச்சாகவில்லை. நம் சரணாலயங்களுக்கு ஆலோசனைக் குழு உண்டு. அது ஆலோசனையோடு சரி. ஆனால் வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தம் ஒரு சிறிய கதவைத் திறந்திருக்கிறது. வன உரிமைச் சட்டம் பொருந்தும் பகுதியில் சரணாலயம் இருந்தால், அதன் மேலாண்மைத் திட்டத்தைக் கிராம சபையைக் கலந்தே தயாரிக்க வேண்டும். கலந்தாலோசனை என்பது சம்மதம் ஆகாது. இருந்தாலும் உரிமைப் பத்திரத்தைக் கையில் வைத்திருக்கும் கிராம சபையைக் கலப்பதும், வெறுங்கையோடு இருக்கும் ஊரைக் கலப்பதும் ஒன்றல்ல.

எதை முதலில்?

மூன்றையும் போட்டியாளர்கள் போல நிறுத்தி, ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறார்கள். எனக்கு இதில் வரிசைதான் முக்கியமாகப் படுகிறது. உரிமையை முதலில் வாங்கிய ஊர் பிறகு குழுவிலும் சேரலாம், சுற்றுலாப் பங்கும் கேட்கலாம், காவல் வேலைக்கு நியாயமான சம்பளமும் பேசலாம். குழுவை மட்டும் முதலில் ஏற்ற ஊர், உரிமை கேட்கும் நாளில் குழு கலைந்துவிடுமோ என்று பயந்து வாய் மூடும். பணத்தை முதலில் வாங்கிய ஊருக்கு மற்ற இரண்டும் இல்லை.

அரசுச் சட்டத்திலும் இதே வரிசைதான் இருக்கிறது. வன உரிமைச் சட்டம், உரிமைகளை அங்கீகரிக்கும் வேலை முடியும் வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்கிறது. அதன் நான்காவது பிரிவும், புலிகள் காப்பகங்களுக்கான வனவிலங்குச் சட்டத்தின் 38வி பிரிவும் இன்னும் தெளிவு. முதலில் உரிமை ஏற்கப்பட வேண்டும். மக்களும் விலங்கும் சேர்ந்து வாழ வேறு வழியே இல்லை என்று காட்ட வேண்டும். பிறகு கிராம சபை விவரம் புரிந்து சம்மதிக்க வேண்டும். மாற்று இடம் தயாராக இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் இடமாற்றம். முதல் காகிதத்தோடு வருகிறவரிடம், எங்கள் உரிமைக் கோரிக்கை முடிந்துவிட்டதா சார் என்று கேட்பதற்கு எந்த வழக்கறிஞரும் தேவையில்லை.

புலிக்கு ஆள் நடமாட்டம் இல்லாத இடம் வேண்டாமா என்று காட்டுயிர் ஆர்வலர்கள் கேட்பார்கள். வேண்டும். குட்டி போட்ட பெண்புலி நிம்மதியாக இருக்க இடம் தேவை, அதில் எனக்கு மறுப்பே கிடையாது. எந்த ஓடைக்கரை, எந்த மாதங்கள் என்பது அந்த ஊர்க்காரருக்குத் தெரியும். அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது என்று கிராம சபையே தீர்மானம் போட்டால் அது கம்பிவேலியைவிட உறுதியாக நிற்கும். சோளகரும் ஊராளிகளும் வாழும் சத்தியமங்கலம் காப்பகம், புலி எண்ணிக்கையை இரட்டிப்பாக்கியதற்கான உலக விருதை 2022இல் வாங்கியது. ஆள் இருந்தால் புலி இருக்காது என்ற வாதத்துக்கு அந்தக் காடே பதில்.

நான் அந்த ஊர்க்காரனாக இருந்தால் செய்வது இது. ஊராட்சியின் பெரிய கிராம சபையில் முப்பது வீட்டுக் குரல் கரைந்துபோகும். காட்டுக் குடியிருப்பையும் சட்டம் கிராமம் என்றே ஏற்பதால், குடியிருப்பு அளவிலேயே கிராம சபை கூட்டச் சொல்லுவேன். வன உரிமைக் குழுவுக்குப் பத்து முதல் பதினைந்து பேர், அதில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். தேன் பாறை, கிழங்குக் காடு, சாமி கல், பழைய ஊர் இருந்த இடம், மாடு இறங்கும் ஓடை எல்லாவற்றையும் நடந்து குறித்து ஒரு வரைபடம். கோரிக்கை உட்கோட்டக் குழுவுக்கும் மாவட்டக் குழுவுக்கும் போகும்போது ஒப்புகைச் சீட்டு வாங்காமல் யாரும் வீடு திரும்பக் கூடாது. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், மேல்முறையீட்டுக்கு 60 நாள் உண்டு.

சான்றுக்கு என்ன செய்வது, எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லையே என்பார்கள். குறைந்தது இரண்டு சான்று போதும். ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதி வைத்தால் அதுவும் சட்டப்படி ஒரு சான்று. தன் பாட்டன் எந்தப் பாறையில் தேன் எடுத்தான், எந்த மரத்தடியில் புதைக்கப்பட்டான் என்று சொல்லக்கூடியவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இன்று நாலைந்து பேர்தான் மிஞ்சியிருக்கிறார்கள். படிவம் ‘சி’ வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையும் போதும், இந்த மழைக்கு முன்னாலேயே தொடங்கிவிடலாம்.